நீலக் கோடு

பிரித்துத் தைக்க வேண்டிய இடத்தில் நீலச் சாக்பீஸால் கோடு போட்டுவைப்பது தையல்காரரின் வழக்கம். திங்கட்கிழமை காலையில் அப்படியொரு கோடு அவர் சட்டையிலேயே கிடந்தது. வலது விலாவுக்குக் கீழே, சாய்வாக, நான்கு விரல் நீளம். ஒரு வாரமாக வலிக்கிற இடம்.

தட்டிவிட்டார். மறுநாள் துவைத்த சட்டையிலும் இருந்தது.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாமே?" என்றாள் மனைவி.

"வாயுதான். ஒரு ஏப்பம் வந்தா சரியாயிடும். வேலை தலைக்கு மேல கெடக்கு."

வியாழக்கிழமை வலி முதுகுக்குப் பாய்ந்தது. காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்துகொண்டன. மனைவி கடையைப் பூட்டி அவரை வண்டியில் ஏற்றினாள். மருத்துவமனையில் சட்டையைக் கழற்றியபோது கோடு தோலில் இருந்தது.

"பித்தப்பை வெடிக்கிற நிலைமை. உடனே ஆபரேஷன்," என்ற சர்ஜன் நர்ஸிடம் திரும்பினார். "வெட்ட வேண்டிய இடத்துல யாரும்மா அதுக்குள்ள கோடு போட்டது?"

யாரும் போடவில்லை.

அடுத்த மாதம் கடை திறந்த அன்று மைத்துனன் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தான்.

"வயித்துப் பக்கம் கொஞ்சம் லூசா வைங்க மாமா. ரெண்டு நாளா செரிக்கல, மேல் வயித்துல ஒரே கனம்."

டேப்போடு நிமிர்ந்த தையல்காரர் அப்படியே நின்றார். பிறகு விளக்கை அணைத்தார்.

"அளவு அப்புறம் எடுக்கலாம் மாப்ள. வண்டில ஏறு."

"செரிமானக் கோளாறுக்கு எதுக்கு மாமா..."

"ஏறுடா!"

மைத்துனன் சட்டையில் நீலக் கோடு இருந்தது. வயிற்றில் இல்லை. கழுத்துக் குழியிலிருந்து நடு நெஞ்சு வழியாக நேராக இறங்கியிருந்தது.