ஊர்ப் படத்தில் சந்தியாவின் வீடு

“இந்தா, நீயே போடு” என்று கோலப்பொடிக் கிண்ணத்தை மகளிடம் நீட்டினார் பஞ்சாயத்துத் தலைவர் செல்லமுத்து. கிராம சபைக்கு வந்திருந்த கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

மாதா கோயில் தெரு பிரிட்டோவைக் கட்டிக்கொண்டு சந்தியா படியிறங்கிப் போன நாளிலிருந்து, அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு முடிவு எடுத்துவிட்டால் திருப்பி எடுக்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

“இன்னா பாத்துக்கினு நிக்கிற? அஞ்சு வருசத்துக்குத் திட்டம் போடறோம். மகளிர் குழுத் தலைவி நீ. நீ போடாம வேற யாரு போடுவாங்க?”

சந்தியா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். பஞ்சாயத்து அலுவலகத்தின் முன்னால் பெருக்கிச் சாணம் தெளித்த தரையில் ஊர்ப் படம் விரியத் தொடங்கியது. ஏரி, பள்ளிக்கூடம், கோயில், தெருக்கள் என்று வரிசையாகப் போட்டாள். பிறகு அவரவர் வந்து தங்கள் வீட்டைச் சதுரமாகப் போட்டு, வாசலுக்கு ஒரு பக்கம் இடைவெளி விட்டார்கள். எந்த இடத்தில் என்ன வேலை செய்யவேண்டும் என்று ஊரே நின்று பார்த்துச் சொல்வதற்கு இந்த ஏற்பாடு.

“அய்யே, என் வூட்ட ஏரிக்குள்ள தள்ளிட்டியேடா!” என்று பச்சையம்மாள் பக்கத்து வீட்டுக்காரனைப் பிடித்துக்கொண்டாள்.

“மழ பேஞ்சா அங்கதானே மெதக்குது, அத்தே?”

கூட்டம் சிரித்தது. செல்லமுத்துகூட லேசாகச் சிரித்தார்.

கடைசியாகச் சந்தியா படத்தில் பஸ் ரோட்டோரம் வந்து குந்தினாள். பட்டா இல்லாத புறம்போக்கில் அவளும் பிரிட்டோவும் போட்டுக்கொண்ட கூரை வீடு அங்கேதான் இருந்தது. நைனார்பாளையம் போகிற பஸ்ஸில் யாராவது ஒருவர் தினமும் கையை நீட்டி, ‘அதான் செல்லமுத்து பொண்ணு வூடு’ என்று பக்கத்து சீட்டுக்காரருக்குக் காட்டுவார்.

“அத வுடு” என்றார் செல்லமுத்து. “உன் வூட்ட நான் போடறேன்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். தன் வீட்டுச் சதுரத்தை ஒட்டி இன்னொரு சதுரம் போட்டார். நாலு பக்கமும் கோடு கோணாமல், விரல் நடுங்காமல் இழுத்தார்.

பச்சையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பெத்த மனசு கேக்குமா? அண்ணே, வாசல் வுட மறந்துட்டீங்க பாருங்க.”

“அப்பறம் வுட்டுக்கலாம்.”

சந்தியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பின்வரிசையில் நின்றிருந்த பிரிட்டோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளருகே வந்தான்.

“சந்தியா, வூட்டுக்கு வான்னு அவரு வாயால இன்னும் சொல்லல. ஒரு வார்த்த கேட்டுக்க.”

“எங்கப்பாகிட்ட நாங்க யாரும் வார்த்த கேக்க மாட்டோம்” என்றாள் அவள், தலையை நிமிர்த்தி. “அவரு செஞ்சா, சொன்ன மாதிரிதான்.”

அது செல்லமுத்துவின் காதில் விழுந்தது. அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“ரோட்டோரத்து எடம் படத்துல காலியா இருக்குது. அங்க இன்னா வேணும்? ஊரே சொல்லுங்க.”

“அங்கன்வாடி!” முதல் குரல் சந்தியாவுடையதுதான். “புள்ளைங்க ரோட்டத் தாண்டிப் போவுதுங்க. நேத்துகூட ஒண்ணு லாரில மாட்டப் பாத்துச்சு.”

“குடியிருக்கறவங்க தானா காலி பண்ணாத்தான் கட்டமுடியும். சம்மதமா?”

“சம்மதம்பா.”

“இவங்களுக்குச் சம்மதமாம். மத்தவங்க கை தூக்குங்க.”

எல்லாருக்கும் முன்னால் சந்தியா கையைத் தூக்கினாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த பிரிட்டோவும் கடைசியில் தூக்கினான். ஒரு எதிர்ப்பும் இல்லாமல் தீர்மானம் நிறைவேறியது. ஊராட்சிச் செயலர் வெற்றிவேல் நாற்காலிமேல் ஏறி நின்று படத்தைச் செல்போனில் எடுத்துக்கொண்டார். தீர்மானத்தில் முதல் கையெழுத்தைச் சந்தியா போட்டாள், இரண்டாவது பிரிட்டோ.

“இருட்டறதுக்குள்ள சாமானெல்லாம் கட்டிக்கினு வந்துடறோம்பா. கூரையப் பிரிக்க இவரு ஆளு கூட்டியாருவாரு.”

செல்லமுத்து தலையை மட்டும் அசைத்தார். அவள் சின்னப் பெண்ணைப்போல ரோட்டுப் பக்கம் ஓடினாள். கூட்டமும் அவரைப் புகழ்ந்துகொண்டே கலைந்தது.

குழாயடியில் அவர் கைகழுவிக்கொண்டிருந்தபோது வெற்றிவேல் துண்டோடு வந்து நின்றார்.

“ஐயா, இந்த மனசு யாருக்கும் வராதுங்க. பாப்பாவுக்கு எந்த ரூம ஒழிக்கணும்னு சொன்னீங்கன்னா, நான் போயி அம்மாகிட்ட சொல்லிடறேன்.”

செல்லமுத்து நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு துண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“வாசல் கேட்டப் பூட்டிக்கச் சொல்லு.”