வேலையில் இருக்கிறார்

பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே முதலில் தெரிந்தது ஒரு ஜோடிச் செருப்பு. அடுத்து, உள்ளே நீண்ட ஒரு கடிதம். அதன் தலைப்பில் அரசு முத்திரை இருந்தது.

“கடை மூடியிருக்குன்னு போர்டு தொங்குதே, கண்ணு தெரியலையா?” என்று கத்திக்கொண்டே குனிந்த அச்சக முதலாளி, முத்திரையைப் பார்த்ததும் குரலை இறக்கினார். தாடையில் கிடந்த முகக்கவசத்தை மூக்குக்கு ஏற்றினார்.

“நிவாரணப் பிரிவா, மேடம்?”

“அங்க இருந்துதான் வர்றேன்,” என்றாள் அந்தப் பெண். ஷட்டரைத் தானே இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டு உள்ளே வந்தாள்.

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மருந்துக்கடைகளில் ஒட்டுவதற்கு ‘இடைவெளி விட்டு நிற்கவும்’ என்று ஸ்டிக்கர். அச்சகம் எதுவும் திறக்கக் கூடாது என்று உத்தரவு வந்து இது ஐந்தாவது மாதம். மெஷின்காரரை அன்று காலையில்தான் முதலாளி போன் போட்டுத் திருட்டுத்தனமாக வரவழைத்திருந்தார்.

அவளைக் கண்டதும் மெஷின்காரர் மெஷினை நிறுத்தினார். மை படிந்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

“முதலாளி, இவங்க வந்து...”

“நீ வாயை மூடு. நான் பேசிக்கிறேன்.” அவள் பக்கம் திரும்பியபோது அதே வாயில் தேன் வழிந்தது. “ஒரே ஒரு அவசர ஆர்டர் மேடம். ஜனங்க நன்மைக்குத்தான். சாயந்திரம் பூட்டிடுவேன். உக்காருங்களேன்.”

“நான் மெஷினைப் பார்க்க வரல.” அவள் உட்காரவில்லை. “பூட்டின இடத்துல ஆளுங்களை வேலையை விட்டு நிறுத்தாம இருந்தா, சம்பளத்துல பாதியை அரசாங்கம் முதலாளிக்குத் தருது. நீங்க அதை வாங்குறீங்களா?”

“வாங்கி அப்படியே அவங்க கையில கொடுத்துடறேன். மீதிப் பாதி என் கைக்காசு. நாலு பேரு மேடம், நாலும் என் பிள்ளைங்க மாதிரி.”

மெஷின்காரர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு பணம் வருவதே அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

“காகிதம் வெட்டுறவர் ஒருத்தர் இருந்தாரே?”

“நெட்டையனா? இருந்தான் என்ன, இருக்கான். பதினோரு வருஷமா நம்மகிட்டதான்.”

“கடை மூடின அன்னிக்கே அவரை அனுப்பிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். ‘திறந்தா சொல்லி அனுப்புறேன், அதுவரைக்கும் உன் பாட்டைப் பாத்துக்கோ’ன்னு.”

“எவன் சொன்னான்? வயித்தெரிச்சல் பிடிச்சவன் எவனாவது சொல்லியிருப்பான்.”

“வேலை இல்லாதவங்களுக்குத் தர்ற உதவி கேட்டு அவர் மூணு தடவை எழுதிப் போட்டார். ‘உனக்குத்தான் அச்சகத்துல சம்பளம் வருதே’ன்னு மூணு தடவையும் தள்ளிட்டாங்க.”

முதலாளியின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு கோபம் வந்து கைகொடுத்தது.

“பாத்தீங்களா பேராசையை? இங்க வாங்கித் தின்னுட்டு அங்கயும் கை நீட்டியிருக்கான். சுத்த சோம்பேறி மேடம் அவன். லேசா உடம்பு சுட்டாப் போதும், நாலு நாள் படுத்துக்குவான்.”

அவள் கையிலிருந்த கடிதம் ஓரத்தில் கசங்கியது.

“முதலாளி, வேணாம், விட்டுடுங்க,” என்றார் மெஷின்காரர்.

“உன்னை யாருடா கேட்டா? இன்னொரு தடவை வாயைத் திறந்தே, நீயும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

“அப்ப அவர் இன்னைக்கும் உங்ககிட்ட வேலையில இருக்கார்,” என்றாள் அவள்.

“இருக்கான்.”

“சம்பளம் போகுது.”

“ஒண்ணாந்தேதி ஆனா டாண்ணு போயிடும்.”

“எழுதிக் கொடுங்க.”

முதலாளிக்கு உயிர் திரும்பி வந்தது. ஒரு தாளோடு தொலையும் விஷயம்தானா இது? அச்சகத்தின் பெயர் போட்ட தாளை உருவி, மேலே நெட்டையனின் முழுப்பெயரைக் குறித்து, பளிச்சென்ற கையெழுத்தில், ‘மேற்படி நபர் இன்றுவரை என்னிடம் வேலையில் இருக்கிறார், மாதந்தோறும் முழுச் சம்பளம் பெறுகிறார்’ என்று எழுதினார். தேதி போட்டார். கையெழுத்திட்டு, ரப்பர் ஸ்டாம்பை ஓங்கிக் குத்தினார்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். மை காயும்வரை பிடித்திருந்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஷட்டர் அருகே போனவள் நின்றாள்.

“கடைசியா அவர்கிட்ட எப்போ பேசினீங்க?”

“நேத்து சாயந்திரம்கூடப் பேசினேனே. நானாத்தான் போன் பண்ணேன். சாப்பிட்டியாடான்னு கேட்டேன், உங்க புண்ணியத்துல சாப்பிட்டேன் முதலாளின்னான். நல்லாத்தான் இருக்கான் மேடம்.”

மெஷின்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நான் மேடம் இல்ல, அவர் பொண்டாட்டி,” என்றாள் அவள். “அவரைப் புதைச்சு இன்னையோட முப்பத்தெட்டு நாள்.”