ஒற்றைக் காது நாய்

வாரம் ஒருத்தி எழுந்து தான் படித்த நாவலைப் பற்றிப் பேச வேண்டும். கேட்டவர்களில் எவள் முதலில் கை தூக்குகிறாளோ, அவளுக்குத்தான் அந்தப் புத்தகம். அந்த வகுப்பின் வழக்கம் அது. ஜெசிந்தா பேசிய நாவலில் ஒற்றைக் காது நாய் ஒன்று வந்தது. மாற்றலாகிப் போன ஸ்டேஷன் மாஸ்டருக்காகப் பிளாட்பாரத்திலேயே கிடந்து செத்துப்போனதாம். வகுப்பே மூக்கை உறிஞ்சியது. வடிவு கண்ணைக்கூடத் துடைக்காமல் கையைத் தூக்கிவிட்டாள்.

வீட்டுக்குப் போய்ப் படித்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார், பிளாட்பாரம் இருந்தது, நாயை மட்டும் காணோம். தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டோமோ என்று மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“ஏட்டி, இதுல நாயே இல்லியேட்டி?”

“இல்லாம எங்க போவும்? நான் படிச்சு முடிக்குத வரைக்கும் எங் காலடியிலதான கெடந்துச்சு” என்றாள் ஜெசிந்தா.

“உங்க வீட்டு நாயா?”

“எங்க வீட்ல ஏது நாயி?”

தன் முறை வந்தபோது வடிவு அதே நாவலைப் பேசினாள். புத்தகத்தில் இருப்பதைத் தவிர ஒரு சொல்கூடச் சொல்வதில்லை என்று முடிவுகட்டித்தான் எழுந்திருந்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் பெட்டியோடு ரயிலேறும் இடம் வந்ததும் பேச்சு தானாக நின்றுவிட்டது. குனிந்து ஒருமுறை தன் காலடியைப் பார்த்துக்கொண்டாள்.

“வண்டி நகந்துட்டு. ஆனா நாயி ஒரே தாவுல ஏறிட்டு” என்றாள்.

முதல் ஆளாகக் கையைத் தூக்கியவள் ஜெசிந்தா.