ஹப்ஸா அழித்த விபிஎன்

மூன்றாவது தடவையும் ஹப்ஸாவின் போனிலிருந்து விபிஎன் காணாமல் போயிருந்தது.

"போன் நிரம்பிட்டு புள்ள. அதான் அழிச்சன்" என்றாள் ஹப்ஸா, முகத்தைப் பார்க்காமல்.

அகீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன் நிரம்பினால் சமையல் வீடியோக்களை அழிக்கலாம். உடுப்புக் கடைப் படங்களை அழிக்கலாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் தேடிப் பிடித்து அழிக்கிற மனசை என்னவென்று சொல்வது?

கம்பஸ் லீவுக்குக் காத்தான்குடிக்கு வந்த நாள் முதல் ஹப்ஸாவின் போனில் இதைப் போட்டுக் கொடுப்பதே அவளுக்கு வேலை. பக்கத்து வீட்டு ஆமினா உம்மாவின் மகன் முனாஸ், ஹப்ஸாவின் புருஷன், வளைகுடாவில் நிற்கிறான். அந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்க முடியாது, தடை. தடையைத் தாண்டத்தான் விபிஎன். இப்போதைக்கு அவனிடமிருந்து குரல் பதிவு மட்டும்தான் வருகிறது. இரண்டு பக்கத்துப் போனிலும் விபிஎன் இருந்தால்தான் சரிவரும் என்று அதில் அவனே சொல்லியிருந்தான்.

ஆமினா உம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மருமகள் ஹப்ஸாவின் வீட்டுக்கு வந்துவிடுவா. மகன் பார்ப்பான் என்று பெருநாள் சீலையை உடுத்திக்கொண்டு வருவா. இருந்து பார்த்துவிட்டு, பொழுதுபட மஃரிபுக்கு எழும்பிப் போவா.

முனாஸ் கடல் தாண்டியது தங்கச்சி நஸீறாவுக்காக. பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் இந்த ஊரில் கலியாணம் நடக்காது. பெருநாள் கழிந்ததும் நிக்காஹ். வீட்டுக்கு இன்னும் கூரை ஏறவில்லை. வீடு கேட்கிற மாப்பிள்ளைக்குக் கையும் காலும் இல்லையா என்று அகீலா வாப்பாவோடு சண்டை பிடித்திருக்கிறாள், விரிவுரை மண்டபத்தில் சண்டை பிடித்திருக்கிறாள். ஆனால் இன்றைய கோபம் முழுவதும் ஹப்ஸா மேல்தான்.

"ஒரு உம்மா பெத்த மகன்ட முகத்தப் பாக்கிறதுல உங்களுக்கு என்ன குறையுது றாத்தா?"

ஹப்ஸா தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் எழும்பிப் போனாள். பழைய போன், அவள் என்ன செய்வாள், விடு மகள் என்று ஆமினா உம்மா மருமகளுக்காகக் கதைத்தது அகீலாவை இன்னும் சூடாக்கியது. இந்த மனிசிக்கு இப்படி ஒரு மருமகளா?

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. தடை போட்டிருப்பது அந்த நாட்டில். இங்கே யாரும் எதையும் தடுக்கவில்லையே. அப்படியானால் முனாஸின் போனில் மட்டும் விபிஎன் இருந்தால் போதும். இனி ஹப்ஸாவைக் கெஞ்சத் தேவையில்லை.

தன் போனிலிருந்தே முனாஸுக்கு எழுதினாள். அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னாள். வேறு நாட்டு சேர்வரைத் தெரிவுசெய்யச் சொன்னாள். போனை ஒருதரம் நிறுத்தி எழுப்பச் சொன்னாள். எல்லாவற்றுக்கும், செய்தேன், சரிவரவில்லை என்றே பதில் வந்தது. அகீலா விடுகிற ஆள் இல்லை. என்னதான் காட்டுகிறது, ஸ்க்ரீன்ஷொட் அனுப்புங்கள் காக்கா என்று பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு படம் வந்தது.

இணைக்க முடியவில்லை என்று சிவப்பில் கிடந்தது. அகீலாவின் கண் அதில் நிற்கவில்லை. மேலே மூலையில் நம் நாட்டு சிம் கம்பெனியின் பெயர். பக்கத்தில் நேரம், அப்படியே நம் நேரம். நேரம் பிந்திய வளைகுடாவில் இன்னும் அஸருக்குப் பாங்கே சொல்லியிருக்க மாட்டார்கள்.

முனாஸ் வெளிநாட்டில் இல்லை. இலங்கையில்தான் எங்கேயோ இருந்துகொண்டு பெற்ற தாயை ஏமாற்றுகிறான். இந்த றாத்தாவும் கூட்டுத்தான், இல்லாவிட்டால் ஏன் அழிக்கிறாள்?

போனைக் கையில் பிடித்தபடியே ஹப்ஸாவின் வீட்டுக்குள் நுழைந்தாள். ஆமினா உம்மா முன் ஹோலில் சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு இருந்தா.

"மாமி, உங்கட மகன்…"

ஹப்ஸா எட்டிப் படத்தைப் பார்த்தாள். அடுத்த நொடி அகீலாவின் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"எனக்குத் தெரியும். சத்தம் போடாத."

"தெரிஞ்சுகொண்டா…"

"அவர் என்னட்டயும் சொல்லல்ல. ஒரு வொய்ஸ்ல பின்னால பஸ் கொண்டக்டர் கதுருவெல, கதுருவெல எண்டு கத்துறான். என்ட கூடப்பிறந்த நானாவ அந்த ஊர்ப் பக்கம் அனுப்பி விசாரிச்சன். வெளிநாட்டுல கொம்பனிய மூடிட்டாங்களாம். பொலன்னறுவையில ஆருக்கோ மாடி வீடு எழும்புது, அதுக்குக் கல்லுச் சுமக்கிறார். அந்தச் சம்பளந்தான் இங்க நஸீறாட வீட்டுக்கு வருது."

"உங்களையே ஏமாத்தின ஆளுக்காகவா இந்த நாடகம்?"

"ஏமாத்தல்ல புள்ள. வெக்கப்படுறார். மாமிக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா, அழுது ஊரக் கூட்டிருவா. மாப்பிள்ளை வீட்டார் சம்மதிச்சது தங்கச்சிக்கு வெளிநாட்டுக் காக்கா கட்டுற வீட்டுக்கு. கல்லுச் சுமக்கிறவன் கட்டுற வீட்டுக்கில்ல."

அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு இப்பவே போய் நாலு கேள்வி கேட்டால் என்ன என்று அகீலாவுக்கு இருந்தது.

வெளியிலிருந்து ஆமினா உம்மாவின் குரல் வந்தது. "என்ன மகள், சரிவந்திச்சா?"

"இல்ல மாமி, இன்னும் வரல்ல" என்று ஹப்ஸா உரத்துச் சொன்னாள். பிறகு அகீலாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவசரப்பட்டு சரியாக்கிப் போடாத புள்ள. சரிவந்தா, அந்த மனிசன் எந்த நாட்டுல இருந்து முகத்தக் காட்டுற?"