சிவப்பு லைட்

நெட் போய்விட்டது என்றதும் நிம்மதியாக மூச்சு விடுகிற மனுஷனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

இவன் விட்டான். தினமும் விட்டான்.

வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தவன். போன மாதம் ஒருநாள் மேனேஜர் ஸ்கிரீனில் வந்து, நாலு வார்த்தை நல்லதாகப் பேசிவிட்டு, "நாளையிலேருந்து லாகின் பண்ண வேண்டாம்" என்று முடித்துவிட்டார்.

அன்றைக்கே மனைவியிடம் சொல்லியிருக்கலாம். அவள் அந்த நேரம் பார்த்து அண்ணனிடம் போனில், "இவருக்கென்ன, வேலை கல்லு மாதிரி இருக்கு" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். வாய்வரை வந்ததை அப்படியே முழுங்கிவிட்டான்.

மறுநாளிலிருந்து நாடகம். ஆபீஸ் லேப்டாப்பை ஆள் வந்து வாங்கிப் போனபோது, "ரிப்பேருக்கு" என்றான். பழைய லேப்டாப்பைத் தூசி தட்டித் திறந்தான். இஸ்திரி போட்ட சட்டை, காதில் ஹெட்போன், எதிரே ஒன்றுமில்லாத ஸ்கிரீன்.

"எஸ் சார்... ஓகே சார்... முடிச்சிடலாம் சார்."

இல்லாத சாரிடம் எவ்வளவு நேரம்தான் பேசுவது? தொண்டை கட்டிக்கொண்டது.

அப்போதுதான் ரூட்டருக்குப் பின்னால் இருந்த மெல்லிய மஞ்சள் ஒயர் கண்ணில் பட்டது. அதைக் கொஞ்சம் உருவினால் போதும், சிவப்பு லைட் மினுக்கும். "சே, மீட்டிங் நடுவுல போயிடுச்சு பாரு!" என்று அலுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடலாம். யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

அவள் கேட்டாள்.

"என்னங்க, மறுபடியும் போச்சா? தள்ளுங்க, நான் பார்க்கிறேன்."

ரூட்டரை அணைத்துப் போட்டாள். இரும்பு பீரோ மறைக்கிறது என்று அதைத் தள்ளி வைத்தாள். அடாப்டரை மாற்றினாள். பக்கத்து வீட்டுக்காரர் நெட்டை உறிஞ்சுகிறாரோ என்று பாஸ்வேர்டையும் மாற்றினாள். அவள் பார்க்காதபோது அவன் ஒயரை அமுக்கிவிட, பச்சை லைட் வரும். அவள் அந்தப் பக்கம் போனதும் சிவப்பாகிவிடும்.

"விடேன்மா, தானா வரும்."

"தானா வர்றதுக்கு அது என்ன தும்மலா? இப்படியே போனா ஆபீஸ்ல உங்களைப் பத்தி என்ன நினைப்பாங்க? கம்ப்ளெயிண்ட் கொடுத்துட்டேன். நாளைக்கு ஆள் வர்றாங்க."



மறுநாள் நெட்காரர் வந்தார். பையிலிருந்து சின்ன மீட்டரை எடுத்து ஒயரில் மாட்டிப் பார்த்தார்.

"லைன் சுத்தமா இருக்கே சார். எப்பெப்போ போகுது?"

"இவருக்கு மீட்டிங் இருக்கிற நேரமெல்லாம் போகுது" என்றாள் அவள்.

"மழையில போகும், காத்துல போகும். மீட்டிங் பார்த்துப் போற லைனை இப்பத்தான் பார்க்கிறேன்."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்துப் பார்த்தான். உதடுதான் இழுபட்டது.

"இந்த மஞ்சள் ஒயரை யாராவது தொடுறீங்களா?"



"அப்பா தொடுவாங்களே!" என்றாள் சின்ன மகள், டூத் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே.



"அப்பா தூசி தட்டுவாங்கடி. நீ போய் ஒழுங்கா வாயைக் கொப்பளி" என்று அவளை விரட்டினாள் அம்மாக்காரி.

தப்பித்தோம் என்று நினைப்பதற்குள் நெட்காரர் திரும்பினார். "சார், ஒரு நிமிஷம் உங்க ஆபீஸ் மீட்டிங்கைப் போடுங்க. அதுல கட் ஆகுதான்னு பார்த்துடலாம்."

"அது... வெளியாளுக்குக் காட்டக்கூடாதுங்க. ஆபீஸ் ரூல்."

"சும்மா திறந்தா போதும் சார்."

அவன் லேப்டாப்பைத் திறக்காமல் மூடி மேலேயே கையை வைத்துக்கொண்டான். நெட்காரர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஒயரின் நுனியை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். மீட்டரைப் பையில் போட்டார்.

"அக்கா, கொஞ்சம் வெளியே வர்றீங்களா?"

இருவரும் மாடிப்படிப் பக்கம் போனார்கள். அவன் கதவுக்குப் பின்னால் போய் நின்றான். 

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. லைன்ல ஒரு கோளாறும் இல்ல. ஒயர் நுனியில கிளிப் தேஞ்சு போயிருக்கு. யாரோ உருவி உருவி மாட்டுறாங்க. எனக்கென்னவோ சாரே தான்..."

முடிந்தது. இனி அவள் உள்ளே வருவாள். ஏன் என்று கேட்பாள். ஒயரில் ஆரம்பித்து வேலையில் வந்து நிற்கும். இத்தனை நாள் என்னை ஏமாத்தினியா என்று அவள் பார்க்கப்போகிற பார்வையை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"தெரியும் தம்பி."

"தெரியுமா? அப்புறம் எதுக்குக்கா கம்ப்ளெயிண்ட் கொடுத்தீங்க?"

"கொடுக்காம சும்மா இருந்தா, எனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிடுமே!" அவள் குரல் தாழ்ந்தது. "அவருக்கு வேலை போயிடுச்சு தம்பி. கூட வேலை பார்த்தவர் வீட்டம்மா மறுநாளே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. மனுஷன் எங்ககிட்ட சொல்ல முடியாம, எதிர்ல யாருமே இல்லாம, நாள் பூரா எஸ் சார் எஸ் சார்னு பேசித் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கார். நெட் போற நேரத்துலதான் கொஞ்சம் மூச்சு விடுறார்."

கதவுக்குப் பின்னால் நின்றவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஒரு உதவி பண்ணுங்க தம்பி. உள்ளே வந்து, 'லைன்ல பெரிய கோளாறு, சரியாக நாளாகும்'னு அவர் காதுல விழற மாதிரி சொல்லிட்டுப் போங்க."