கடலடியில் ஒரு கட்டைவிரல்

ரொனால்டை அடக்கம் செய்த மாலை நாகல் நகர் வீட்டில் இருந்தவர்கள்: அவன் அம்மா சகாயராணி, அக்கா ஏஞ்சலின், அவள் கணவன் ஆண்டனிராஜ்.

அந்தமானில் ஆண்டனிராஜோடு ஸ்கூபா போன இடத்தில் ரொனால்டு இறந்தான். கடலுக்கடியில் கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே கூட்டிப் போ’ என்று அர்த்தம். படகிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவன் உயர்த்தினான். ஆண்டனிராஜ் அதை ‘சூப்பர்’ என்று எடுத்துக்கொண்டு, தானும் உயர்த்திக் காட்டிவிட்டு நீந்திப் போய்விட்டான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டு ஏஞ்சலின் திறந்தாள். ரொனால்டு நின்றான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“உள்ள வாப்பு,” என்றாள் அம்மா.

“இல்லம்மா. மச்சானக் கூட்டிட்டுப் போக வந்தேன்.”

“ஏஞ்சலு, கதவச் சாத்து!” என்றான் ஆண்டனிராஜ்.

“சாத்துறேன். நீங்க வெளிய போங்க.”

சகாயராணி ஆண்டனிராஜின் முதுகில் கைவைத்து வெளியே தள்ளினாள். “சின்னதுலருந்தே அவனுக்குத் தனியாப் போகப் பயம், மாப்ள.”

ஏஞ்சலின் கதவைச் சாத்திப் பூட்டினாள்.