ஒன்றரை மீட்டர் குழி

அளவு ஏழு சென்டிமீட்டர் குறைந்தது.

மண் ஆய்வுக்கு வந்த அவன் டேப்பைச் சுருட்டினான். மறுபடி விரித்தான். குழிக்குள் நின்ற ஞானசெல்வி அதன் நுனியை மேட்டுப்பக்கச் சுவரில் அழுத்திப் பிடித்தாள்.

நூற்று நாற்பத்து மூன்று.

போன வாரம் வெட்டிய அதே குழிதான். வெட்டியவளும் இவள்தான். மண் ஆய்வுக் குழியின் அகலம் ஒன்றரை மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. அன்று அவனே அளந்தான், அவனே எழுதினான், கையெழுத்தும் போட்டான்.

இன்று வந்தது ஒரு போட்டோவுக்காக. மண் சுவரில் டேப் தொங்குகிற மாதிரி படம் இல்லையாம். அலுவலகம் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டது. நாளை மறுநாள் பூமி பூஜை.

மண்ணை வகைப்படுத்தும் படிவம் மிக எளிது. சரிவு குறைவா, மதிப்பெண். மண் ஆழமா, மதிப்பெண். பாறை இல்லையா, அதற்கும் மதிப்பெண். இந்த இடம் எல்லாவற்றையும் அள்ளிவிட்டது. செங்குத்தான மலையில் இப்படி ஒரு சமதளம் கிடைப்பது லாட்டரி விழுந்த மாதிரி.

முதல் வகுப்பு நிலம். வீடு கட்ட உகந்தது.

ஒழுகும் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளை விட்டு நாற்பத்தோரு குடும்பங்கள் இங்கே வரப்போகின்றன. குழி இருப்பது பதினேழாம் எண் மனையில். ஞானசெல்வியின் மனை.

"குழிய மூடிராதீங்க சார்," என்று அன்றே சொல்லி வைத்திருந்தாள். "தண்ணித் தொட்டி கட்டிக்குவேன்."

படிவத்தில் இடமில்லாத ஒன்றும் அந்தக் குழியில் இருந்தது.

மார்பளவு செம்மண்ணுக்குக் கீழே ஒரு கறுப்பு அடுக்கு. மக்கிய வேர்கள், புல்லின் நார். ஒரு காலத்தில் வெயில் பார்த்துக் கிடந்த மேல்மண் அது. மேல்மண் தானாக அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. என்றோ மலை இறங்கி வந்து அதை மூடியிருக்கிறது. இந்தச் சமதளமே அப்படி வந்து உட்கார்ந்ததுதான்.

அவனுக்கு அன்றே தெரியும்.

படிவத்தின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு வரி எழுதினால் போதும், கோப்பு திரும்பி வந்துவிடும், மறுபடி மலையேற வேண்டும். என்றோ வந்தது என்றோ நின்றுவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

'ஏதுமில்லை' என்று எழுதினான்.

அதற்குப் பிறகு நான்கு நாள் விடாத மழை.

மூன்றாம் முறை அளந்தான். நூற்று நாற்பத்து மூன்று.

"டேப்பு பழசா சார்?"

டேப் புதிது.

அப்போதுதான் கம்பைப் பார்த்தான்.

குழி வெட்டிய அன்று, சோற்றுப் பையை மாட்டுவதற்காக ஞானசெல்வி ஒரு பச்சைக் கம்பை இரண்டு சுவருக்கும் குறுக்கே இறுக்கிச் சொருகியிருந்தாள். அன்று அது நேராக இருந்தது. இன்றும் அவள் பை அதில்தான் தொங்குகிறது. பையின் கனத்துக்குக் கம்பு கீழே வளைய வேண்டும்.

மேலே வளைந்திருந்தது.

மேட்டுப்பக்கச் சுவரைப் பார்த்தான். கறுப்பு அடுக்கு வெட்டிய இடத்திலேயே இருந்தது. அதன் மேலிருந்த செம்மண் மட்டும் நாலு விரல் முன்னால் தள்ளி நின்றது. இரண்டுக்கும் இடையில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

மலை மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது. அந்த ஒரு வரியை எழுதியிருக்கலாம். எழுதியிருக்க வேண்டும்.

மண்டியிட்டுக் கையை நீட்டினான்.

"அக்கா, மேல வாங்க."

கம்பு முறிந்தது. பை கீழே விழுந்தது. தூக்குவாளி திறந்து சோறு மண்ணில் கொட்டியது.

"வர்றேன் சார். என்ன அவசரம்?" என்றாள் ஞானசெல்வி. "நல்ல மண்ணுன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க."

சொல்லிக்கொண்டே சோற்றை அள்ளக் குனிந்தாள்.